பௌத்த தந்திரம்: பயனிலிருந்தே தொடங்கும் பாதை

குஹ்யசமாஜ தந்திரத்தின் ஐந்தாம் படலத்தில், கொலை, பொய், களவு, காமம் ஆகியவற்றில் உழல்வோரும் இந்த உயர்ந்த யானத்தில் சித்தி பெறத் தகுந்தவர்களே என்று புத்தர் சபை நடுவே அறிவிக்கிறார். கூடியிருந்த போதிசத்துவர்கள் திடுக்கிட்டு, பகவன் இத்தகைய தகாத சொற்களைப் பேசலாமா என்று கேட்கிறார்கள். இதுவே புத்தர்களின் தூய தர்மம் என்று விடை வந்ததும் அவர்கள் அஞ்சி நடுங்கி மயங்கி விழுகிறார்கள். பின்னர் புத்தர் தம் ஒளியால் அவர்களைத் தெளிவிக்கிறார். ஆய்வாளர்கள் பெரும்பாலும் 8-ஆம் நூற்றாண்டில் வைக்கும் இந்த நூல், தன் சொற்களைக் கேட்பவர் எப்படி எதிர்கொள்வார் என்பதை நன்றாக அறிந்தே பேசுகிறது. கேட்பவரை மயங்க வைப்பதும் பிறகு எழுப்புவதும் சேர்ந்ததே அது கற்பிக்கும் முறை. ஆனால் பிற்காலத்தில் இந்நூலைத் தொட்டவர்களில் பலர் முதற்பாதியோடு நின்றுவிட்டார்கள்.

பௌத்த தந்திரத்தைப் பற்றி இன்று பரவியிருக்கும் கருத்துகள் பெரும்பாலும் அப்படி நின்றுவிட்டதன் விளைவுகளே. காம நுகர்ச்சியை ஆன்மிகம் என்ற பெயரில் நியாயப்படுத்தும் கலை என்பது ஒரு கருத்து. பில்லி, ஏவல், வசியம் போன்ற மாந்திரீகத்தின் பௌத்த வடிவம் என்பது இன்னொன்று. இவற்றுக்கு மறுப்பாக எழுந்த மூன்றாவது கருத்து ஒன்றும் உண்டு: நூல்களில் உள்ள அனைத்தும் வெறும் உருவகம், எவரும் எதையும் நேர்ப்பொருளில் செய்ததே இல்லை என்பது அது. மரபின் மேல் பற்றுள்ளவர்கள் சொல்வதாலேயே இது உண்மையாகிவிடாது. மகாயானத்தின் நோக்கமும் தத்துவப் பார்வையும் என்னவென்று தெரியாமல் தந்திரத்தைத் தனியே எடுத்துப் பார்ப்பதே இம்மூன்றுக்கும் பொதுவான குறை.

வஜ்ரயானம் என்றும் மந்திரயானம் என்றும் அழைக்கப்படும் தாந்திரிகப் பௌத்தம், தனக்கென்று ஒரு புதிய வீடுபேற்றையோ புதிய மெய்ப்பொருளையோ முன்வைக்கவில்லை. எல்லா உயிர்களின் துன்பமும் நீங்கும்பொருட்டு நான் புத்தநிலை அடைய வேண்டும் என்னும் போதிசித்தம் மகாயானத்தில் எப்படி நோக்கமோ அப்படியே இங்கும் நோக்கம். எப்பொருளும் தன்னியல்பாக, பிறவற்றைச் சாராமல் நிலைத்திருப்பதில்லை என்னும் சூன்யதை அங்கே எப்படிப் பார்வையோ அப்படியே இங்கும் பார்வை. அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடுதான் என்ன? திபெத்தின் பேரறிஞர் சோங்கபா (1357–1419) இந்தக் கேள்வியை நீண்ட ஆராய்ச்சிக்கு உட்படுத்தி, வேறுபாடு முறையில் மட்டுமே உள்ளது என்றும், அந்த முறையின் உயிர்நாடி தேவதாயோகம், அதாவது தன்னையே புத்தவடிவத் தெய்வமாகப் பாவிக்கும் பயிற்சி என்றும் முடிவு செய்தார்.

பாரமிதைகளின் வழி, அதாவது ஈகை, ஒழுக்கம், பொறுமை முதலியவற்றைப் பிறவிதோறும் வளர்த்துக்கொண்டு போகும் வழி, காரணத்திலிருந்து தொடங்குகிறது. விதைகளை விதைத்து, எண்ணற்ற கற்பங்களுக்குப் பிறகு புத்தநிலை என்னும் பயன் கைகூடும் என்று அது கருதுகிறது. தந்திரமோ அந்தப் பயனையே பயிற்சிப் பொருளாக்குகிறது. இனி அடையப் போகும் புத்தரின் உடல், அவர் வாழும் தூய வெளி, அவர் துய்க்கும் இன்பம், அவர் ஆற்றும் அருட்செயல் ஆகிய நான்கையும் சாதகன் இப்போதே தன்னுடையவையாகப் பாவித்துப் பழகுகிறான். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மண்டலம், மந்திரம், முத்திரை, உக்கிர மூர்த்தங்கள் என்று விரியும் முழுச் சடங்குலகமும் எதற்காக என்பது விளங்கத் தொடங்கும்.

பரவலாகச் செய்யப்படும் ஓர் எளிய சாதனையை அருகில் சென்று பார்க்கலாம். நான்கு கைகளுடைய அவலோகிதேசுவரரைத் தியானிப்பவர் முதலில் புத்தர், தர்மம், சங்கம் ஆகிய மும்மணிகளைச் சரணடைகிறார். பிறகு போதிசித்தத்தை எழுப்பிக்கொள்கிறார். அதன்பின் பல சாதனைகளில், எல்லாத் தர்மங்களும் இயல்பிலேயே தூயவை, நானும் இயல்பிலேயே தூயவன் என்னும் பொருள்கொண்ட ‘ஓம் ஸ்வபாவசுத்தா: ஸர்வதர்மா: ஸ்வபாவசுத்தோ(அ)ஹம்’ என்ற மந்திரத்தை ஓதி, தன் உடலும் தன் பெயரும் தன்னைச் சுற்றியுள்ள உலகமும் சூன்யதையில் கரைவதாக நிற்கிறார். அந்த வெறுமையிலிருந்து தாமரையும், அதன்மேல் நிலவு வட்டமும், அதன்மேல் ‘ஹ்ரீ:’ என்னும் பீஜ எழுத்தும் தோன்றுகின்றன. அந்த எழுத்தே வெண்ணிற அவலோகிதேசுவரராக மாறுகிறது. இரு கைகள் மார்பின் முன் கூப்பியிருக்க, மற்றொரு வலக்கையில் படிக மாலையும் இடக்கையில் தாமரையும் விளங்குகின்றன. அந்த உருவம் எங்கோ எதிரில் நிற்பதில்லை, சாதகரே அது. இதயத்தில் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் ஆறெழுத்து மந்திரம் சுழல, அதன் ஒளி எல்லா உயிர்களையும் தொட்டுத் துன்பம் தீர்ப்பதாக எண்ணி உருச்செபிக்கிறார். இறுதியில் உலகம் உருவத்திலும், உருவம் எழுத்திலும், எழுத்து வெளியிலும் ஒடுங்குகின்றன.

இந்த வரிசையில் நடுவே வரும் கரைதலைப் பலர் கவனிப்பதில்லை. அது இல்லாவிட்டால் இந்தப் பயிற்சி ஒரு பகற்கனவாகவோ, நானே கடவுள் என்னும் ஆணவமாகவோ முடிந்திருக்கும். மரபு ‘தெய்வப் பெருமிதம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. ஆனால் பெருமிதம் கொள்ளும் அந்த ‘நான்’, வழக்கமான ‘நான்’ கரைந்த பிறகு சூன்யதையிலிருந்து எழுந்தது. அவலோகிதேசுவரர் உலகைப் படைத்த இறைவனும் அல்லர், அவரும் சூன்யரே. அறிவு சூன்யதையை உணர்ந்துகொண்டிருக்கும்போதே அதே அறிவு கருணையின் உருவமாகத் தோன்றுவது, அதாவது பிரஞ்ஞையும் உபாயமும் ஒரே மனத்தில் ஒரே கணத்தில் சேர்வது, பாரமிதை வழியில் எளிதில் கிட்டாத ஒன்று என்பதே சோங்கபாவின் வாதம். தந்திரம் விரைவான வழி என்று சொல்லப்படுவதன் காரணமும் இதுவே.

விரைவான வழி என்பதைச் சுலபமான வழி என்று புரிந்துகொண்டது அடுத்த பிழை. திபெத்திய மரபுகளில் முன்பயிற்சியாகவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குதல், வஜ்ரசத்துவரின் நூறெழுத்து மந்திரம், மண்டலப் படையல், குருயோகம் ஆகியவை ஒவ்வொன்றும் லட்சம் முறை செய்யப்படுகின்றன. ஆழ்ந்து பயில விரும்புவோர் மூன்று ஆண்டு, மூன்று மாத காலம் வெளியுலகத் தொடர்பின்றித் தனித்திருக்கும் வழக்கமும் உண்டு. சோங்கபாவின் வழிவந்த கெலுக் மரபின் புகழ்பெற்ற தாந்திரிகக் கல்லூரிகளான கியூமே (1433), கியூதோ (1474) ஆகியவற்றுக்கு உயர்கல்வி மாணவர்கள் தர்க்கமும், சூன்யதையை ஆராயும் மத்தியமகமும், துறவொழுக்க விதிகளாகிய வினயமும் ஆண்டுக்கணக்கில் கற்று முடித்த பின்னரே செல்கிறார்கள். அபிஷேகம் எனப்படும் தீட்சையோடு உறுதிமொழிகளும் வருகின்றன. உயர்நிலைத் தந்திரத்தில் அவற்றை முறிக்கும் பதினான்கு மூல வீழ்ச்சிகள் சொல்லப்படுகின்றன: குருவை இழித்தல் முதலாவது, போதிசித்தத்தைக் கைவிடுதல் ஐந்தாவது, பெண்களை இழித்துரைத்தல் பதினான்காவது. பெண்ணுடலை ஒரு கருவியாகக் காணும் வெகுஜனத் ‘தாந்திரிகம்’ இந்தக் கடைசி விதியின்படியே வீழ்ந்துவிடுகிறது.

காமமே தந்திரத்தின் சாரம் என்னும் கருத்தைக் கிழக்காசியாவைப் பார்த்தாலே ஐயுற வேண்டியிருக்கும். திபெத்தியர்கள் தந்திரங்களைக் கிரியை, சரியை, யோகம், அனுத்தரயோகம் என்று நான்காகப் பகுக்கிறார்கள். தழுவிய நிலையிலுள்ள மூர்த்தங்களும் பாலியல் யோகமும் நான்காம் வகைக்கே சிறப்பாக உரியவை. சீனாவும் ஜப்பானும் பெற்றுக்கொண்டவை முதன்மையாக அதற்கு முந்தைய அடுக்கைச் சேர்ந்தவை: மகாவைரோசன சூத்திரமும் வஜ்ரசேகர மரபும். இரண்டாவதைச் சீனாவில் நிலைநாட்டிய வஜ்ரபோதி (671–741) நாளந்தாவில் கற்றவர். பல்லவர் காலக் காஞ்சியில் தங்கியிருந்தவர். மூன்றாண்டு வறட்சி நீங்க மன்னர் வேண்டியபடி அவர் மழை வேண்டி வழிபட்டார் என்று சீன வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியே கடல் கடந்து 720 வாக்கில் அவர் சீனாவின் தாங் அரசை அடைந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் சீடர் ஹுய்குவோ. அவரிடம் 805-இல் தீட்சை பெற்ற ஜப்பானியத் துறவி கூக்காய் (774–835) நிறுவியதே ஷிங்கோன் மரபு. உடல், வாக்கு, மனம் ஆகிய மூன்றையும் முத்திரை, மந்திரம், தியானம் ஆகியவற்றால் மகாவைரோசனரோடு ஒன்றுவித்து, இந்த உடலிலேயே புத்தராவது என்பது அவருடைய போதனையின் மையம். ஆயிரத்திருநூறு ஆண்டுகளாகத் தொடரும் இந்த முழுமையான தாந்திரிக மரபில் பாலியல் யோகம் பயிற்சிக் கூறாக இல்லை.

அதற்காக ஷிங்கோன் ஆசையைப் பற்றிப் பேசவே இல்லை என்று கொள்ள வேண்டாம். காதல் இன்பமும் இயல்பில் தூயதே, அது போதிசத்துவ நிலையே என்று சொல்லும் பிரஞ்ஞாபாரமித நூலொன்றை அத்துறவிகள் நாள்தோறும் ஓதுகிறார்கள். அந்த நூலுக்கு அமோகவஜ்ரர் எழுதிய உரையைப் படிக்கத் தருமாறு தெந்தாய் மரபின் நிறுவனர் சாய்ச்சோ 813 வாக்கில் கூக்காயிடம் கேட்டார். கூக்காய் மறுத்துவிட்டார், உட்பொருள் ஏட்டின் வழியாகக் கைமாறுவதன்று, ஆசிரியரிடம் முறைப்படி பயின்றே பெறத்தக்கது என்பது அவர் சொன்ன காரணம். சமகாலத்தின் மிகப்பெரிய பௌத்த அறிஞருக்கே இந்த மறுப்பு. தந்திரத்தின் மறைபொருள் தன்மையை எதையோ ஒளிக்கும் முயற்சி என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்கலாம்.

இனி, சர்ச்சைக்கு முதற்காரணமான நான்காம் வகைக்கு வருவோம். தழுவி நிற்கும் ஆண் பெண் உருவங்களில் ஆண் உபாயத்தையும், அதாவது கருணையையும், பெண் சூன்யதையை அறியும் பிரஞ்ஞையையும் குறிக்கின்றனர். சைவ, சாக்தத் தந்திரங்களில் சக்தியே இயங்கும் தத்துவம், சிவம் அசைவற்ற ஆதாரம். பௌத்தத்தில் செயல் ஆணுக்கும் அறிவு பெண்ணுக்கும் உரியதாக வைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பி எழுதுவோர் இந்த அடிப்படை வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். ஆயினும் இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதை மறுக்கவும் முடியாது. இந்த நான்காம் வகையைச் சேர்ந்த சக்கரசம்வர தந்திரத்தின் பல பகுதிகள் சைவ நூல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை என்று ஆய்வாளர் அலெக்சிஸ் சாண்டர்சன் சுவடி ஒப்பீட்டின் வழியே காட்டியிருக்கிறார். சுடலைச் சாம்பலும் கபாலமும் யோகினிகளும் அந்த வழியில் வந்து சேர்ந்து, புதிய தத்துவத்துக்குள் பொருத்தப்பட்டன.

ஆசையை ஏன் பாதையில் சேர்க்க வேண்டும் என்பதற்கு அனுத்தரயோகம் தரும் விடை உடலைப் பற்றிய ஒரு கோட்பாட்டில் இருக்கிறது. மனம் பிராணன் என்னும் காற்றின்மேல் ஏறிச் செல்கிறது. காற்று நாடிகளில் சிதறி ஓடும்வரை மனமும் சிதறியே இருக்கும். சாகும்போது காற்றுகள் ஒவ்வொன்றாக ஒடுங்க, பருமையான எண்ணங்கள் அடங்கி, மிக நுண்ணிய மனமாகிய ‘தெளிந்த ஒளி’ வெளிப்படுகிறது. ஆனால் பயிற்சியில்லாதவர் அதை அடையாளம் காணாமலே கடந்துவிடுகிறார். நிறைவு நிலை எனப்படும் நிஷ்பன்னக்கிரமத்தின் நோக்கம், உயிரோடு இருக்கும்போதே காற்றுகளை நடுநாடியில் ஒடுக்கி, அந்த நுண்ணிய மனத்தை எழுப்பி, அதைக்கொண்டு சூன்யதையை அறிவதாகும். உடலின் இன்பம் காற்றுகளைத் தானாகவே ஒடுக்கும் தருணங்களில் ஒன்று என்பதால் அது பயிற்சிக்குள் வருகிறது. அங்கும் விந்து வெளிப்படுவது தோல்வியாகவே கருதப்படுகிறது. இன்பத்தில் பற்று எழுந்தாலோ, அதைச் சூன்யதையோடு இணைக்கத் தவறினாலோ நடந்தது தந்திரமே ஆகாது. நஞ்சின் இயல்பை அறிந்தவன் நஞ்சாலேயே நஞ்சை முறிக்கிறான் என்னும் ஹேவஜ்ர தந்திரத்தின் உவமையில், ‘இயல்பை அறிந்தவன்’ என்னும் நிபந்தனையே முழுப் பாரத்தையும் சுமக்கிறது.

இத்தகைய பயிற்சிகள் உண்மையில் செய்யப்பட்டனவா? செய்யப்பட்டன, அளவு மீறியும் போயின. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ, ‘விடுவித்தல்’, ‘இணைதல்’ போன்ற நூற்சொற்களைக் கொலையாகவும் கலவியாகவும் நேரடியாக எடுத்துக்கொண்ட ஊர்த் தாந்திரிகர்களைக் கடுமையாகக் கண்டித்து ஆணை வெளியிட்டார். அவருடைய வழித்தோன்றல்கள் அழைத்ததன்பேரில் 1042-இல் திபெத்துக்கு வந்த விக்கிரமசீலப் பேராசிரியர் அதீசர் (982–1054), போதிப் பாதையை விளக்கும் தம் சுருக்க நூலில், பிரமச்சரிய நோன்புடையோர், பாலியல் கூறுடைய குஹ்ய, பிரஞ்ஞா அபிஷேகங்களை ஏற்கக்கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தார். எல்லாம் உருவகம்தான் என்றால் இந்த விதிக்குத் தேவையே இருந்திராது. துறவிகளுக்குக் கற்பனையில் தோன்றும் துணையே போதும் என்ற ஏற்பாடும், சோங்கபா தம் துறவொழுக்கத்தைக் காக்கும்பொருட்டு உடல்வழிப் பயிற்சியைத் தவிர்த்தார் என்னும் மரபுச் செய்தியும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை.

நூல்களை எப்படிப் படிப்பது என்பதற்கும் மரபே விதி வகுத்திருந்தது. குஹ்யசமாஜத்துக்குத் தாந்திரிகச் சந்திரகீர்த்தி எழுதிய உரை, ஒரே வாக்கியத்தை ஆறு கோணங்களில் அணுகச் சொல்கிறது: நேரடிப் பொருளா, விளக்கம் வேண்டும் பொருளா, குறிப்பு மொழியா, அல்லவா, சொல்லியபடியே கொள்ளத்தக்கதா, அல்லவா. சாதகன் உட்கொள்ள வேண்டும் என்று நூல்கள் சொல்லும் ஐந்து இறைச்சிகளும் ஐந்து அமுதங்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பசு, நாய், யானை, குதிரை, மனிதன் ஆகியோரின் ஊனும், மலம், சிறுநீர் முதலியனவும் அப்பட்டியலில் அடங்கும். தூய்மை, தீட்டு என்னும் சாதிச் சமூகத்தின் பகுப்பை மனத்திலிருந்து வேரறுக்கும் நோக்கம் இதில் ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. இன்றைய திபெத்தியச் சடங்கிலோ கபால வடிவக் கிண்ணத்தில் தேநீர் அல்லது மது வைக்கப்பட்டு, அது அவையாகப் பாவிக்கப்பட்டு, அமுதமாக மாற்றப்பட்டு, மோதிர விரலால் ஒரு துளி மட்டும் நாவில் வைக்கப்படுகிறது.

மாந்திரீகக் குற்றச்சாட்டிலும் பாதி உண்மை இருக்கிறது. தணித்தல், பெருக்குதல், வசப்படுத்தல், அழித்தல் என்னும் நால்வகைச் செயல்களுக்கும் ஹோமங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் குண்டத்தின் வடிவமும் நிறமும்கூட வேறு. தணித்தலுக்கு வெண்ணிற வட்டம், பெருக்குதலுக்கு மஞ்சள் சதுரம், வசப்படுத்தலுக்குச் சிவந்த அரைவட்டம், அழித்தலுக்குக் கருநிற முக்கோணம். அமோகவஜ்ரர் தாங் பேரரசர்களுக்காக நாட்டைக் காக்கும் சடங்குகளை நடத்தினார். அரச ஆதரவு பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நூல்கள் இவற்றை உலகியல் சித்திகள் என்று கீழே வைத்து, உத்தம சித்தி என்பது புத்தநிலை ஒன்றே என்கின்றன.

ஐரோப்பிய ஆய்வு தொடங்கியபோது இந்தப் படிநிலைகள் எதுவும் கண்ணில் படவில்லை. நேபாளத்திலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ஹாட்ஜ்சன் அனுப்பிய சமஸ்கிருதச் சுவடிகளைக் கொண்டு 1844-இல் இந்தியப் பௌத்த வரலாற்றை எழுதிய பிரெஞ்சு அறிஞர் யூஜின் பர்னூஃப், சூத்திரங்களில் கண்ட அறவுணர்வை வியந்து போற்றினார்; தந்திரங்களை எடுத்தெழுதவே கூசினார். புத்தரைப் பகுத்தறிவுச் சீர்திருத்தவாதியாகக் காண விரும்பிய அந்த நூற்றாண்டுக்குத் தந்திரம் ஒரு சீரழிவாகவே தெரிந்தது. குஹ்யசமாஜத்தின் சமஸ்கிருத மூலத்தை 1931-இல் பரோடாவிலிருந்து பதிப்பித்த பினயதோஷ் பட்டாச்சார்யாவும் அதே தீர்ப்பையே வழங்கினார். இந்தியாவில் பௌத்தம் அழிந்ததற்கே தந்திரம்தான் காரணம் என்ற வாதமும் இக்காலத்தில் வேரூன்றியது. நாளந்தாவும் விக்கிரமசீலமும் தர்க்கத்தையும் வினயத்தையும் தந்திரத்தையும் ஒருசேரக் கற்பித்துக்கொண்டே நூற்றாண்டுகளாகச் செழித்தன என்பதை அந்த வாதம் கணக்கில் கொள்வதில்லை. பிறகு 20-ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. எதை விக்டோரியக் காலம் அருவருத்ததோ, அதையே பாலியல் விடுதலையின் காலம் கொண்டாடியது. போதிசித்தமும் சூன்யதையும் உறுதிமொழிகளும் கழிக்கப்பட்டு, மிஞ்சியது வார இறுதிப் பயிலரங்குகளில் ‘தந்த்ரா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இந்தப் பிழைபட்ட புரிதலின் விலையை உண்மையில் கொடுத்தவர்கள் சீடர்கள், குறிப்பாகப் பெண்கள். குருவைப் புத்தராகவே காண வேண்டும் என்னும் தாந்திரிக விதியையும் இன்பம் பாதையாகும் என்னும் கருத்தையும் சேர்த்து, தங்கள் அத்துமீறல்களுக்கு நூலாதாரம் தேடிய ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் குருபக்தியையே பொருளாகக் கொண்ட குருபஞ்சாசிகை என்னும் ஐம்பது செய்யுள் நூல், தீட்சைக்கு முன் ஆசிரியரும் மாணவரும் ஒருவரை ஒருவர் சோதித்தறிய வேண்டும் என்று தன் தொடக்கப் பகுதியிலேயே சொல்கிறது. குருவின் கட்டளை முறையானதாக இல்லையெனில் காரணத்தை எடுத்துச் சொல்லி மறுக்கலாம் என்றும் அது இடம் தருகிறது. 1993 மார்ச்சில் தர்மசாலாவில் தலாய் லாமாவும் மேலைநாட்டுப் பௌத்த ஆசிரியர்களும் கூடிப் பேசியபோது, எவ்வளவு உயர்ந்த ஞானம் உடையவராகக் கருதப்பட்டாலும் எந்த ஆசிரியரும் அறநெறிக்கு மேற்பட்டவர் அல்லர் என்றும், முறைகேடுகளுக்கு மறுக்க முடியாத சான்று இருந்தால் அவற்றை வெளிப்படையாகப் பேச மாணவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்றும் கூட்டத்தில் பங்கேற்றோர் பொது அறிக்கை வெளியிட்டனர்.